இறங்கும்போது சொன்ன சொல்

'தனியாக வராதீர்கள்' என்று அந்த அலுவலகத்தின் வாசலில் ஆள் உயர எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள். புதிதாக நேர்காணலுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, சிபாரிசோடு வரச் சொல்கிறார்களா, பெண்டாட்டியோடு வரச் சொல்கிறார்களா என்று ஒரு கணம் விழிப்பார்கள். விஷயம் அவ்வளவு ஆழமானதில்லை. ஆளுக்கொரு கார் என்று ஊரே கிளம்பி வந்து, பழைய மகாபலிபுரம் சாலை நகரவே நகராமல் முழி பிதுங்கி நின்ற பிறகுதான் கம்பெனிகளுக்கு ஞானம் பிறந்தது. காரில் தனியாக வருகிறவருக்கு வண்டி நிறுத்த இடம் கிடையாது. இரண்டு பேராக வந்தால் வண்டியைக் கம்பெனியே கொடுக்கும். ஓட்டுநர் இல்லாத வண்டி. காலையில் வீட்டு வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். திட்டத்துக்குத் 'துணை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பெயர் வைத்தது வசுமதி இல்லை. அவளைக் கேட்டிருந்தால் வேறு எதையாவது வைக்கச் சொல்லியிருப்பாள். "உன் துணை என்ன, இன்னைக்கு லீவா?" என்று கேண்டீனில் யாராவது கேட்பதும், அதைக் கேட்டு நாலு பேர் சிரிப்பதும் வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு வீட்டில் ஒரு கணவன் இருந்தான், பையன் இருந்தான். வண்டியில் அவளுக்கு வாய்த்த துணை சுடலைமுத்து.

கணக்குப் பிரிவில் ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே பாக்கி இருந்தவர். திருநெல்வேலிப் பக்கம். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஜல்லடியன்பேட்டையில் ஒரு சந்துக்குள் தனியாக இருந்தார். ஒரே மகள் எழிலரசி ஹைதராபாத்தில் வேலை பார்த்தாள். மடிப்பாக்கத்தில் ஏறும் வசுமதியைச் சுமந்துகொண்டு வண்டி நேரே போகாமல், அந்தச் சந்துக்குள் நுழைந்து அவரையும் ஏற்றிக்கொண்டுதான் மறுபடி பெரிய சாலைக்கு வரும். அவர் ஏறியதும் சந்தின் செய்திகள் ஆரம்பமாகிவிடும். யார் வீட்டில் மாடி எழுப்புகிறார்கள், எந்த நாய் குட்டி போட்டிருக்கிறது, மெட்ரோ தண்ணீர் லாரி யார் வாசலில் கூடுதல் நேரம் நின்றது. கேட்க ஆள் இருந்தால் போதும் அவருக்கு.

"நீ அங்க என்னதாம்மா வேலை பாக்க?" என்று ஒருநாள் கேட்டார்.

"வண்டிக்குத் தமிழ் சொல்லித் தர்றேன் சார்."

"அதுக்கு எதுக்குத் தமிழு? போற வழி தெரிஞ்சாப் போதாதா?"

"வழி ஈஸி சார். மனுஷங்கதான் கஷ்டம்" என்று வசுமதி சிரித்தாள். "ஆரம்பத்துல என்னாச்சு தெரியுமா? எல்லாரும் இறங்கும்போது 'வரேன்'னு சொல்லிட்டு இறங்கினாங்க. வண்டி அதை அப்படியே நம்பிடுச்சு. இதோ வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு, வந்துடுவாருன்னு கதவைத் திறந்து வச்சுக்கிட்டு அங்கேயே நின்னுச்சு. வேளச்சேரியில ஒரு வண்டி, மாடு வந்து உள்ள தலையை விடற வரைக்கும் நின்னுச்சாம்."

சுடலைமுத்து இருமல் வரும்வரை சிரித்தார். "பெறவு?"

"அப்புறம் நான் உக்காந்து சொல்லிக் கொடுத்தேன். இறங்கும்போது ஒருத்தர் வரேன்னு சொன்னா, போறாருன்னு அர்த்தம். ஆனா மறுபடி வருவாரு. அதனால கதவை மூடிக்கோ, சீட்டை அவருக்கே வச்சிரு, அடுத்த நாள் காலையில அதே வாசல்ல போய் நில்லு."

"போறேன்னு சொன்னா?"

"நம்மள்ல யாரு சார் அப்படிச் சொல்லிட்டு இறங்கறாங்க? ஒண்ணு வேலையை விட்டுப் போறவங்க, இல்லேன்னா பக்கத்து சீட்டோட சண்டை போட்டுக்கிட்டுப் போறவங்க. அவங்க இனிமே வர மாட்டாங்க. சீட்டை விட்டுடு, அந்த வாசலுக்குப் போகாதேன்னு எழுதிட்டேன். மேல இருக்கறவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. ஒரு அவார்டு கூடக் கொடுத்தாங்க."

"யாரு சொன்னாலுமா?"

"யாருன்னு வண்டிக்குத் தெரியாது சார். குரலை வச்சு ஆளை அடையாளம் பாக்கக் கூடாதுன்னு சட்டம். பேசினதையும் சேத்து வைக்கக் கூடாது. இந்த சீட்ல ஒருத்தர் உக்காந்தாரு, இந்த வாசல்ல இறங்கினாரு, இந்தச் சொல்லைச் சொன்னாரு. அது மட்டும்தான் அதுக்குத் தெரியும்."

"அப்ப நாக்கைச் சூதானமா வச்சுக்கிடணும்" என்றார் அவர். அன்று சாயங்காலம் இறங்கும்போது, "வாரேம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, வண்டியின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டி, "உங்கிட்டயுந்தாம்டே, வாரேன்" என்றார். அன்றிலிருந்து அது அவர் வழக்கமாகிவிட்டது. ஒரு நாளும் தட்டாமல் போனதில்லை.

'வரேன்' என்று சொன்னவர் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் வண்டிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பத்து நிமிடம் நிற்கும். அந்தச் சீட்டுக்குப் பதிந்துவைத்த போன் நம்பருக்கு அடிக்கும். எடுக்காவிட்டால் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லிவிடும். அவர்கள் அக்கம்பக்கத்தில் யாரையாவது பிடித்துக் கதவைத் தட்டச் சொல்வார்கள். தாம்பரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணை அப்படித்தான் காப்பாற்றினார்கள். அந்தப் பெண் மாலையும் கழுத்துமாகச் சிரிக்கும் படம் லிஃப்டுக்குள் ஒட்டியிருந்தது. 'துணை இருக்கையில் தனிமை இல்லை' என்று கீழே ஒரு வரி. அது மட்டும் வசுமதி எழுதியது.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். தினமும் அந்தச் சந்துக்குள் போய் வருகிறவளுக்குத்தான் பாடு தெரியும். சந்து குறுகல். எப்போதும் ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருப்பார்கள். எதிரே இன்னொரு ஓட்டுநர் இல்லாத வண்டி வந்துவிட்டால் முடிந்தது கதை. இரண்டும் மகா மரியாதைக்காரர்கள் மாதிரி, நீங்கள் முதலில் போங்கள் என்று நின்றுகொண்டே இருக்கும். எப்படிப் பார்த்தாலும் காலையில் கால் மணி நேரம் அங்கே செத்தது. அந்த வருடம் வசுமதிக்குப் பதவி உயர்வு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த மேலாளர் காலைக் கூட்டத்துக்கு அவள் தாமதமாக வருவதைச் சிரித்த முகத்தோடு எல்லோர் முன்னாலும் சொல்லிக்காட்டினார். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு எதையாவது சொல்லியிருக்கலாம்.

அந்த வியாழக்கிழமை நல்ல மழை. ஏறியதுமே சுடலைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். பள்ளிக்கரணை தாண்டியதும் வசுமதியின் தங்கை சாருலதா போனில் வந்தாள். வசுமதிக்கு அன்றைக்கு மனசே சரியில்லை. பதவி உயர்வு வேறு ஒருவனுக்கு என்று மதியம்தான் தெரிந்திருந்தது.

"வேலை தெரியாமலா கொடுக்கல? லேட்டா வரேனாம். அதான் அவங்களுக்குக் கிடைச்ச சாக்கு" என்றாள் வசுமதி. "காலையில ஒருத்தரை ஏத்தறதுக்கு ஒரு சந்துக்குள்ள போகணும் சாரு. உள்ள போய்த் திரும்பி வர்றதுக்குள்ள உயிர் போகுது. அவர் ஒருத்தருக்காக நான் தினமும் செத்துச் செத்துப் பிழைக்கணும். நல்ல மனுஷன்தான், இல்லேங்கல. ஆனா என் தலையில இல்ல கட்டிட்டாங்க!"

பக்கத்தில் இருந்தவர் அசையவில்லை. தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள்.

அவர் வீட்டு வாசலில் வண்டி நின்றபோதும் பேச்சு ஓயவில்லை. கதவு திறந்தது, சாரல் உள்ளே அடித்தது, அவர் இறங்கினார், ஏதோ சொன்னார். வசுமதி போனைக் காதிலிருந்து எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் தூக்கினாள். கதவு மூடிக்கொண்டது. கூரையில் தட்டும் சத்தம் கேட்டதா என்று அவள் பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். மழைச் சத்தம் மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை வண்டி சந்துக்குள் திரும்பவில்லை. நேரே போனது. 'உங்கள் பழைய துணை விடைபெற்றுவிட்டார். புதிய துணை மேடவாக்கம் கூட்டு ரோட்டில் ஏறுவார்' என்று திரையில் எழுத்து வந்தது. வசுமதி அதை இரண்டு முறை படித்தாள். வேறு வண்டி கேட்டு வாங்கிக்கொண்டாரா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கொஞ்சம் மனத்தாங்கல்கூட வந்தது. அதற்குள் வண்டி கூட்டு ரோட்டில் நின்று, ரிஷி என்று ஒரு சின்னப் பையன் காதில் பாட்டோடு ஏறிப் பின்சீட்டில் சாய்ந்துகொண்டான். அலுவலகத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். நிதானமாக ஒரு காப்பி குடித்தாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தக் காலை அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. அவருடைய குடை முன்சீட்டுக்கு அடியில் கிடப்பதை இறங்கும்போதுதான் பார்த்தாள். அவ்வளவு மழையில் குடையை விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். திங்கட்கிழமை கணக்குப் பிரிவுக்குப் போய்ப் பார்த்து, கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை அவரைப் பற்றிய செய்திதான் வந்தது. மூன்று நாளாகக் கதவு திறக்கவில்லையே என்று மாடி வீட்டு அம்மாள் ஆளைக் கூட்டிவந்து திறந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை விடிகாலையில் பக்கவாதம் வந்து விழுந்திருக்கிறார். உடனே போய்விடவில்லை, சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். காலையில் யாராவது கதவைத் தட்டியிருந்தால் பிழைத்திருப்பார்.

பாதுகாப்புப் பிரிவுத் தலைவி ஷெரின் வசுமதியைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"பாத்துட்டோம் வசு. வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. அவரே 'போறேன்'னு சொல்லிட்டு இறங்கியிருக்கார். சீட்டை விட்டுடுச்சு. ரூல் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு."

"அவர் அப்படிச் சொல்றவரில்ல மேடம்."

"சொல்லியிருக்காரே. அவர் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன், இரங்கல் சொல்லப் பேசினப்ப. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, வண்டி ஏன் அன்னைக்கு வரலேன்னு. பொய் சொல்ல முடியாதில்ல?" ஷெரின் கெட்டவள் இல்லை. வசுமதியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். "நீ எதுவும் பேசிக்க வேண்டாம். ரூல் எழுதினதும் நீ, பக்கத்துல உக்காந்திருந்ததும் நீ. எதுக்கு வம்பு?"

வசுமதி எதுவும் பேசிக்கொள்ளவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு எழிலரசியே போன் செய்தாள். வீட்டைக் காலி செய்துகொண்டிருப்பதாகவும், ஊருக்குத் திரும்புமுன் ஒருமுறை பார்க்க முடியுமா என்றும் கேட்டாள்.

போகிற வழியெல்லாம் வசுமதி ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே போனாள். நல்ல பொய்தான். யாருக்கும் கெடுதல் இல்லாதது. அலுவலகம் முடிந்து ரிஷி கூட்டு ரோட்டில் இறங்கிக்கொண்டதும், வண்டியை அந்தச் சந்துக்குப் போகச் சொன்னாள். தானாகப் போகிற வாசலுக்கு முதல்முறையாக வழி சொல்ல வேண்டியிருந்தது.

கூடத்தில் அட்டைப் பெட்டிகள் கிடந்தன. எழிலரசிக்கு அப்பாவின் நெற்றி, அப்பாவின் காது. நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துவிட்டு வசுமதியை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அக்கா, அப்பா கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்கார். என்ன சொன்னார்?"

"வரேன்னுதாம்மா சொன்னார்" என்றாள் வசுமதி. "தினமும் சொல்ற மாதிரி. மழைச் சத்தத்துல வண்டி தப்பாக் கேட்டுடுச்சு."

எழிலரசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த வண்டிக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது நீங்கதானாமே. அப்பா பெருமையாச் சொல்வார். இடி இடிச்சாலும் அது தப்பாக் கேக்காதுன்னு சொல்லியிருக்கார்."

வசுமதி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பொய் சொல்லாதீங்க அக்கா. எனக்கு நல்லதுன்னு நினைச்சுச் சொல்றீங்க, புரியுது. ஆனா நான் எல்லாத்தையும் பாத்துட்டேன்." எழிலரசி எழுந்து போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கைக்கடிகாரம், கண்ணாடி, சில்லறை, ஓரம் தேய்ந்த ஒரு பஸ் கார்டு. "வியாழக்கிழமை ராத்திரி உக்காந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருக்கார். சட்டையைத் தேச்சு மாட்டியிருக்கார். இந்தப் பழைய பஸ் கார்டைக்கூடத் தேடி எடுத்து மேஜை மேல வச்சிருக்கார். எங்கயோ கிளம்பறவர் மாதிரி எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணி வச்சிட்டுப் போயிருக்கார். மாடி வீட்டு ஆன்ட்டிகிட்ட என்ன சொன்னாராம் தெரியுமா? 'நாளையில இருந்து நான் யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்'னு. வெள்ளிக்கிழமை பிரஷர் மாத்திரையைத் தொடவே இல்ல."

எழிலரசி அப்பாவின் கண்ணாடியை எடுத்து மடக்கி, மறுபடி தட்டில் வைத்தாள்.

"அந்த வாரம் எனக்கும் அவருக்கும் பேச்சே இல்ல அக்கா. ஹைதராபாத் வாங்கப்பான்னா வர மாட்டேங்கறார். கோவத்துல, அப்போ தனியாவே கிடந்து சாவுங்கன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் நான் கூப்பிடல. அவர் போறேன்னு சொல்லிட்டார். எங்கம்மா போனதுல இருந்து அந்த வார்த்தையை இந்த வீட்டுல யாரும் சொன்னதில்ல. நான் பக்கத்துக் கடைக்குப் போனாக்கூட, வாரேன்னு சொல்லிட்டுப் போன்னு வாசல் வரைக்கும் வருவார். அவரே சொல்லியிருக்கார்னா, முடிவு பண்ணிட்டார்னுதானே அர்த்தம்? நான் சொன்னதுக்குத்தானே?"

வசுமதி அவளைப் பார்க்கவில்லை. பஸ் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனிதர் எங்கே கிளம்பியிருந்தார் என்று அதைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இத்தனை நாளாக அவள் நினைக்காமல் ஒதுக்கிவைத்தது அந்தத் தட்டில் சில்லறையோடு சில்லறையாகக் கிடந்தது.

"அவர் போன்ல அலாரம் வச்சிருந்தாரா?" என்று கேட்டாள்.

"அஞ்சு மணிக்கு. நானும் பாத்தேன். அவர் ஆறரைக்கு முன்னால எழுந்திருக்கவே மாட்டார். ஏன் கேக்கறீங்க?"

அந்த நிமிடத்தில்கூட அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஷெரின் சொன்னது மாதிரி, எதுக்கு வம்பு? பொய்யை இன்னும் இரண்டு முறை அழுத்திச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். எழிலரசி நம்ப மாட்டாள். தான்தான் கொன்றோம் என்று நினைத்துக்கொண்டே ஊருக்குப் போவாள், காலம் முழுவதும் அதைச் சுமப்பாள். அது நடக்கக் கூடாது என்று மட்டும் வசுமதிக்குத் தோன்றியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்குத் தனக்கு இங்கே உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

"உங்கப்பா சாகப் போகலம்மா. பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்கார்."

"என்னக்கா சொல்றீங்க?"

"அவர் போறேன்னுதான் சொல்லியிருப்பார். தெரிஞ்சேதான் சொல்லியிருப்பார். அப்படிச் சொன்னா வண்டி இந்தச் சந்துக்குள்ள வராதுன்னு அவருக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருக்கேன்." வசுமதி நிறுத்தாமல் சொன்னாள், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயமாக இருந்தது. "அன்னைக்கு என் தங்கச்சிகிட்ட போன்ல பேசிட்டு வந்தேன். இவர் ஒருத்தருக்காக தினமும் சந்துக்குள்ள போய்ட்டு வர வேண்டியிருக்கு, உயிர் போகுது, என் தலையில கட்டிட்டாங்கன்னு சொன்னேன். தூங்கறார்னு நினைச்சேன். தூங்கல. எல்லாத்தையும் கேட்டிருக்கார். பாரமா இருக்க மாட்டேன்னு சொன்னது என்னைப் பத்தி. நாளையில இருந்து பஸ்ல போயிடலாம், இந்தப் பொண்ணுக்குத் தொந்தரவு வேண்டாம்னு ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, கார்டை எடுத்து வச்சு, அஞ்சு மணிக்கு அலாரம் வச்சிருக்கார். எழுந்த இடத்துல விழுந்துட்டார். மாத்திரை டிபன் சாப்பிட்டப்புறம்தானே போடுவார்? நீங்க சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் சொன்னதுதான்."

மாடி வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். அது விசில் அடித்து ஓய்ந்ததும் எழிலரசி பஸ் கார்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை முகத்தோடு அழுத்திக்கொண்டு அழுதாள். வாய்விட்டு அழுதாள். வந்ததிலிருந்து அழாத அழுகை அது என்று கேட்கும்போதே தெரிந்தது. "பஸ்ஸுக்கா அப்பா, பஸ்ஸுக்கா கிளம்பினே" என்று மறுபடி மறுபடி சொன்னாள். வசுமதி எழுந்து தொடப் போய், தொடாமல் உட்கார்ந்தாள்.

அழுது ஓய்ந்ததும் எழிலரசி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை நீங்க எவ்வளவு சீக்கிரம் போனீங்க அக்கா?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனாலேயே வசுமதிக்குத் தாங்கவில்லை.

"கால் மணி நேரம்."

எழிலரசி தலையை ஆட்டினாள். 

துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அந்த வழக்கம் அன்றைக்கு வசுமதிக்குத் தோதாக இருந்தது. சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். வண்டிக் கதவு திறந்ததும் குடை நினைவுக்கு வந்தது.

"அப்பா குடை வண்டியில இருக்கும்மா" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

எழிலரசி பின்னாலேயே வந்தாள். குடை சீட்டுக்கு அடியில் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே நின்று இழுத்தால் வரவில்லை. உள்ளே ஏறி அப்பாவின் சீட்டில் உட்கார்ந்து, குனிந்து மெதுவாக எடுத்தாள். எடுத்த பிறகும் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகச் சந்தைப் பார்த்தாள். எதிர்வீட்டில் மாடி எழும்பிக்கொண்டிருந்தது. தோண்டிப் போட்ட மண்மேட்டில் நாய்க்குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தன. அப்பா தினமும் உட்கார்ந்து பார்த்ததை அவள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாள். பிறகு குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

"வரேங்க்கா" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது போலிருந்தது. ஒரு கணம் வசுமதியைப் பார்த்தாள். திருத்தவில்லை. உள்ளே போய் கேட்டைச் சாத்திக்கொண்டாள். அது வசுமதிக்குச் சொன்னதா, அந்தச் சீட்டுக்குச் சொன்னதா, சின்ன வயதிலிருந்து அப்பா வாசல்வரை வந்து பழக்கிவைத்த நாக்கு தானாகச் சொன்னதா என்று கேட்க முடியாது. வசுமதி கேட்கவும் இல்லை. அன்று இரவு ரயிலுக்கே எழிலரசி ஹைதராபாத் கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலை மடிப்பாக்கத்தில் ஏறி வசுமதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வண்டி குலுங்கியதும் திறந்து பார்த்தாள். சந்து. தோண்டிப் போட்ட பள்ளத்தை ஒதுக்கி, எதிரே வந்த பள்ளி வேனுக்கு மரியாதையாக வழிவிட்டு, பழைய பச்சைக் கேட்டின் முன்னால் போய் வண்டி நின்றது. முன்சீட்டுப் பக்கத்துக் கதவு திறந்துகொண்டது. 'உங்கள் துணைக்காகக் காத்திருக்கிறோம்' என்று திரையில் எழுத்து ஓடியது.

கேட்டில் பூட்டுத் தொங்கியது. மாடி வீட்டு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்தச் சீட்டில் ஒருவர் உட்கார்ந்தார், இந்த வாசலில் இறங்கினார், வரேன் என்றார். வண்டிக்கு அவ்வளவுதான் தெரியும். யாரோ வருவார் என்று அது நம்புகிறது. அவள் சொல்லிக்கொடுத்த நம்பிக்கைதான். 'வர மாட்டாங்க, போகலாம்' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளையிலிருந்து இங்கே வராது.

போன் அதிர்ந்தது. கூட்டு ரோட்டில் நிற்கும் ரிஷி. 'எங்க இருக்கீங்க மேடம்? லேட் ஆகுது.'

பத்து நிமிடம் ஆனதும், அடிக்க அந்தச் சீட்டுக்கு இப்போது எந்த நம்பரும் இல்லாததால், வண்டி அவளையே கேட்டது. "உங்கள் துணை இன்னும் வரவில்லை. பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிவிக்கட்டுமா? அல்லது கிளம்பலாமா?"

வசுமதி திறந்திருந்த கதவு வழியாகப் பூட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டும் வேணாம்" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் நிப்போம்."